ஆயிரம் வரிசை, எத்தனை தகவல்? ஆய்வுப் புள்ளியியலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பகுதியில் கள ஆய்வு, மருத்துவமனைப் பதிவேடு, வயல் சோதனை ஆகியவற்றின் தரவை வைத்து வேலை செய்கிறவர்களுக்கான பக்கம் இது. ரிக்ரஷன், திட்டப்பிழை, பி-மதிப்பு ஆகியவை தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தவை என்று குறிப்பிட்டவை தவிர, எடுத்துக்காட்டுகளில் வரும் அளவுகள் கணக்கை விளக்கப் போட்டவை.

40 ஊர், ஊருக்கு 25 வீடு. 1,000 வீட்டுத் தரவு கையில் இருக்கிறது. இது 1,000 ஆகாது என்கிறார்களே, ஏன்?

கடலோரக் குப்பம் ஒன்றில் அடுத்தடுத்து இருக்கும் 25 வீட்டுக்கும் நிலத்தடி நீர் ஒன்று, மேல்நிலைத் தொட்டி ஒன்று, ரேஷன் கடை ஒன்று. முதல் நாலைந்து வீட்டிலேயே தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று தெரிந்துவிட்டால், இருபதாவது வீடு புதிதாகச் சொல்லப்போவது கொஞ்சம்தான். ஒரே ஊரைச் சேர்ந்த இருவரின் விடைகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதை அளக்கும் எண்தான் கிளஸ்டருக்குள் (இங்கே ஊருக்குள்) ஒட்டுறவு, சுருக்கமாக ஐ.சி.சி. ஊருக்கு எடுத்த வீட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஐ.சி.சி.யால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது டிசைன் எஃபெக்ட்.

ஐ.சி.சி. 0.05 என்று வையுங்கள். 24 × 0.05 + 1 = 2.2. ஆயிரத்தை 2.2-ஆல் வகுத்தால் 455. உங்கள் 1,000 வீடு, தனித்தனியாகச் சமவாய்ப்பில் எடுத்த 455 வீட்டின் வேலையைத்தான் செய்கிறது. இதைக் கவனிக்காமல் சாதாரண ரிக்ரஷன் போட்டால், ஊர் அளவில் மாறும் காரணிகளின் திட்டப்பிழை உண்மையில் இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்காகத் தெரியும். இல்லாத வேறுபாடுகளெல்லாம் நட்சத்திரக் குறியோடு வெளியே வரும்.

அதே ஆயிரத்தை 20 ஊரில் ஐம்பது ஐம்பதாக எடுத்தால் பயன்தரும் அளவு 290. 100 ஊரில் பத்துப் பத்தாக எடுத்தால் 690. ஊருக்குள் எத்தனை வீட்டைக் கூட்டினாலும் மேலே ஒரு கூரை உண்டு: ஊர் எண்ணிக்கையை ஐ.சி.சி.யால் வகுத்தால் வரும் எண். 20 ஊர் என்றால் 400. ஊருக்கு 500 வீடு எடுத்தாலும் அந்த 400-ஐத் தொட முடியாது. கையில் இருக்கும் பணத்தையும் நாட்களையும் ஊர்ப் பட்டியலை நீட்டுவதில் போடுங்கள்.

ஊருக்கு ஊர் வீட்டு எண்ணிக்கை வேறுபட்டால் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாகும். அந்த எண்ணிக்கையின் திட்டவிலக்கம் சராசரியில் பாதி என்றால், மேலே சொன்ன 2.2 ஏறக்குறைய 2.5 ஆகிவிடும்.

ஆய்வு தொடங்கும் முன்பே ஐ.சி.சி. எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

ஐந்து ஊரில் முன்னோட்டம் நடத்திக் கணக்கிட வேண்டாம். ஐந்து ஊரிலிருந்து வரும் ஐ.சி.சி. சுழியாகவும் இருக்கலாம், 0.3 ஆகவும் இருக்கலாம். அதை நம்பி மாதிரி அளவை முடிவுசெய்வது ஆபத்து. இதே மாதிரியான ஊர்களில், இதே மாதிரியான விளைவை அளந்த முந்தைய ஆய்வுகளின் மதிப்புகளைப் பாருங்கள். தண்ணீர், கழிப்பறை, மின்சாரம் போன்று ஊருக்கே பொதுவானவற்றுக்கு ஐ.சி.சி. பெரிதாக இருக்கும், ரத்த அழுத்தம் போன்று ஆளுக்கு ஆள் மாறுபவற்றுக்குச் சிறிதாக இருக்கும். 0.02, 0.05, 0.10 மூன்றுக்கும் மாதிரி அளவைக் கணக்கிட்டு, மூன்றையும் திட்ட அறிக்கையில் எழுதிவிட்டு, நடுவில் இருப்பதற்கு மேல் எவ்வளவு தாங்க முடியுமோ அதை எடுங்கள். ஆய்வு முடிந்ததும் கிடைத்த ஐ.சி.சி.யை அதன் நம்பிக்கை இடைவெளியோடு கட்டுரையில் வெளியிடுங்கள். அடுத்து இதே கடற்கரையில் வேலை செய்யப்போகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

திட்டம் செயல்பட்ட ஊர் 3, செயல்படாத ஊர் 3. ஊருக்கு 200 பேர். போதுமா?

போதாது. காரணத்தை எண்ணிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். திட்டம் எந்த ஊருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டீர்கள். ஆறு ஊரில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழி. உங்களுக்குக் கிடைத்தது அந்த இருபதில் மிகத் தீவிரமான முடிவாகவே இருந்தாலும், இருபக்கப் பி-மதிப்பு 2/20, அதாவது 0.10. அதற்குக் கீழே போக வழியே இல்லை. நாலுக்கு நாலு என்றால் 70 வழி, மிகக் குறைந்த பி-மதிப்பு 0.029. ஆறுக்கு ஆறு என்றால் 924 வழி, 0.002.

“ஆனால் மென்பொருள் 0.001 கொடுத்ததே” என்பார்கள். ஊருக்குள் ஒட்டுறவைக் கணக்கில் எடுக்கும் ரிக்ரஷனான ஜி.இ.இ. முறையில் வரும் சாண்ட்விச் திட்டப்பிழை, கிளஸ்டர்கள் நிறைய இருக்கும்போதுதான் சரியாக வேலை செய்யும். 40-க்குக் குறைந்தால் உண்மையைவிடச் சிறிதாக வரத் தொடங்கும். பத்துக்குக் கீழே நம்பவே முடியாது. 10 முதல் 40 ஊர் வரை இருந்தால் மிக்ஸ்டு மாடலில் (ஊருக்கு ஊர் மாறும் பகுதியை ரேண்டம் எஃபெக்டாகத் தனியே மதிப்பிடும் மாடல்) கென்வர்டு–ரோஜர் திருத்தம், அல்லது ஜி.இ.இ.யில் மான்ச்ல்–டிரூவன் திருத்தத்தோடு இசட் பரவலுக்குப் பதில் டி பரவல். அதற்கும் குறைவாக இருந்தால் ஊருக்கு ஒரு சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். பார்க்க எளிமையாக இருப்பதால் பலர் இதை மட்டமாக நினைக்கிறார்கள். குறைந்த ஊர் இருக்கும்போது இதுதான் நேர்மையான பகுப்பாய்வு.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கிலும் தலா 500 பேர் எடுத்தோம். பிராந்தியத்தை ரேண்டம் எஃபெக்டாக வைக்கலாமா?

வேண்டாம். நான்கே நிலைகளிலிருந்து பிராந்தியங்களுக்கிடையிலான பரவற்படியை (திட்டவிலக்கத்தின் வர்க்கத்தை) மதிப்பிடும்போது கையில் இருப்பது மூன்று கட்டின்மைப் படிகள், அதாவது தனித்து மாறும் மூன்று தகவல்கள்தான். அந்தத் திட்டவிலக்கத்துக்கு 95% இடைவெளி, மதிப்பீட்டின் 0.57 மடங்கிலிருந்து 3.7 மடங்கு வரை விரியும். அப்படி ஒரு எண்ணால் யாருக்கும் பயனில்லை. மேலும் மாஹே கேரளக் கரையில் இருக்கிறது, ஏனாம் ஆந்திரக் கோதாவரிக் கரையில் இருக்கிறது. இவை ஏதோ ஒரு பெரிய பிராந்தியக் கூட்டத்திலிருந்து சமவாய்ப்பில் பொறுக்கியவை அல்ல. மூன்று டம்மி (0/1) மாறிகளாக நிலையான விளைவாய் வையுங்கள். பிராந்தியத்துக்குள் இருக்கும் வார்டு, ஊர் ஆகியவற்றை ரேண்டம் எஃபெக்டாக வைக்கலாம். அவை எண்ணிக்கையில் நிறைய.

இந்தத் தரவில் அதைவிடப் பெரிய வேறொரு சிக்கல் இருக்கிறது: எடை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதியின் 12,47,953 பேரில் புதுச்சேரி மாவட்டம் 9,50,289, காரைக்கால் 2,00,222, ஏனாம் 55,626, மாஹே 41,816. ஒரு பழக்கம் புதுச்சேரியில் 10%, காரைக்காலில் 14%, மாஹேயில் 30%, ஏனாமில் 22% என்று கிடைத்ததாக வையுங்கள். 2,000 பேரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 19%. மக்கள்தொகை எடையோடு எடுத்தால் 11.8%. இரண்டாவதுதான் ஒன்றியப் பகுதிக்கான விடை.

எடை போட்டதற்கு விலையும் உண்டு. மொத்த மதிப்பீட்டுக்கு உங்கள் 2,000 பேர், ஏறக்குறைய 820 பேருக்குச் சமம். லெஸ்லி கிஷ் கொடுத்த வழியில் இதைக் கணக்கிடலாம்: எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நான்கையும் ஒப்பிடுவது நோக்கமானால் தலா 500 நல்ல பங்கீடு. மொத்தத்துக்கு ஒரு எண் வேண்டுமென்றால் அது வீண் செலவு. எது வேண்டும் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

மிக்ஸ்டு மாடலில் “சிங்குலர் ஃபிட்” என்று செய்தி வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

ஏதோ ஒரு ரேண்டம் எஃபெக்டின் பரவற்படி சுழியாகவோ, இரண்டுக்கு இடையிலான ஒட்டுறவு +1 அல்லது −1 ஆகவோ வந்து முட்டி நிற்கிறது என்று பொருள். தரவு தாங்குவதைவிட அதிகமாக மாடலிடம் கேட்டிருக்கிறீர்கள். முதலில் சரிவு–வெட்டு ஒட்டுறவை எடுத்துப் பாருங்கள்; அதற்கும் அடங்காவிட்டால் சரிவை எடுங்கள். ஊர் என்ற மட்டத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது ஆய்வு வடிவமைப்பில் இருக்கிறது, பரவற்படி சுழி என்று வந்தாலும் மாடலில் இருக்க வேண்டும். “கன்வர்ஜ் ஆகவில்லை” என்பது வேறு செய்தி. பல நேரங்களில் வருமானத்தை ரூபாயிலும் வயதை ஆண்டிலும் அப்படியே கொடுத்ததுதான் காரணம். சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து நோய் விகிதம் கணக்கிடலாமா?

தொகுதி (மேலே வரும் எண்) எது, பகுதி (கீழே வரும் எண்) எது என்று முதலில் கேளுங்கள். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் புதுச்சேரிக்காரர்களோடு கடலூர், விழுப்புரம் மாவட்டத்தவரும் வருகிறார்கள். பாகூர்ப் பக்கத்து ஊர்களோ கடலூர் மாவட்ட நிலத்துக்கு நடுவே கிடக்கின்றன; அங்கே எல்லை எது என்று பேருந்துக்கும் தெரியாது, நோய்க்கும் தெரியாது. வந்தவர்கள் எல்லோரையும் மேலே போட்டு, புதுச்சேரி மக்கள்தொகையைக் கீழே போட்டால் வருவது விகிதமே அல்ல. முகவரியை வைத்துப் பிரித்தாலும் பாதிதான் தீரும். உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேர் வேறு இடத்துக்குப் போனார்கள் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்காது.

இரண்டு நோய்களுக்கு இடையே தொடர்பு தேடினால் வேறொரு பொறி இருக்கிறது. ஜோசப் பெர்க்சன் 1946-இல் காட்டியது. 10,000 பேர் கொண்ட ஊரில் இரண்டு நோய்களும் தலா 10%. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. ஒரு நோய் மட்டும் இருப்பவர்களில் 20%, இரண்டும் இருப்பவர்களில் 36%, இரண்டும் இல்லாதவர்களில் 1% மருத்துவமனையில் சேருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்கள்: இரண்டும் உள்ளவர் 36, முதல் நோய் மட்டும் 180, இரண்டாவது மட்டும் 180, எதுவும் இல்லாதவர் 81. ஆட்ஸ் விகிதம் (தொடர்பே இல்லையென்றால் 1 வரவேண்டும்) 36 × 81 / (180 × 180) = 0.09. தொடர்பே இல்லாத இடத்தில், ஒரு நோய் மற்றதிலிருந்து காப்பாற்றுகிறது என்று தரவு அடித்துச் சொல்கிறது! எத்தனை காரணிகளை ரிக்ரஷனில் சேர்த்தாலும் இது போகாது. யார் உள்ளே வந்தார்கள் என்பதிலேயே பிழை இருக்கிறது.

தரவில் விடுபட்டவை நிறைய. முழுமையான வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?

யாரிடம் விடை விடுபட்டது என்பதைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடைக்காலத்தில் குப்பத்துக்குப் போனால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வருமானம் இருக்காது. மற்ற மாதங்களில் காலையில் போனால் கடலுக்குப் போனவர்களின் கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்கும். காலிக் கட்டங்களை நீக்கினால் கடலுக்குப் போகாதவர்களின் குப்பம்தான் மிஞ்சும்.

டொனால்டு ரூபின் 1976-இல் பிரித்துக் காட்டிய மூன்று நிலைகளில் வைத்து யோசியுங்கள். தாள் நனைந்து சில பக்கங்கள் அழிந்தன என்றால் அது முழுச் சமவாய்ப்பு. நீக்கினால் துல்லியம் குறையும், ஒருபக்கச் சாய்வு வராது. விடுபட்டதை மாதம், தொழில், வயது போன்று கையில் இருக்கும் மாறிகள் விளக்கிவிட்டால், அவற்றைப் பயன்படுத்தி மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் (காலிக் கட்டங்களைப் பலமுறை நிரப்பிப் பல தொகுப்புகளாக ஆராய்வது) செய்யலாம். வருமானம் கூடியவர்கள் வருமானம் கூடியதாலேயே சொல்ல மறுத்தார்கள் என்றால் எந்த மென்பொருளும் தானாகச் சரிசெய்யாது.

இரண்டாவது நிலைக்கான நடைமுறை இது. எத்தனை சதவீத வரிசைகளில் ஏதாவது விடுபட்டிருக்கிறதோ, குறைந்தது அத்தனை நிரப்பிய தொகுப்புகளை உருவாக்குங்கள். 30% என்றால் 30. ஐந்து போதும் என்ற பழைய பழக்கத்தை விட்டுவிடலாம், கணினிக்கு அது சுமையே அல்ல. நிரப்பும் மாடலில் இறுதிப் பகுப்பாய்வில் வரும் எல்லா மாறிகளும் இருக்க வேண்டும், விளைவு மாறி உட்பட. விளைவை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு: விடைக்கேற்ப விடையை நிரப்புவது ஏமாற்று வேலை என்று தோன்றுகிறது. உண்மையில் விளைவு இல்லாமல் நிரப்பினால் நிரப்பிய மதிப்புகளுக்கும் விளைவுக்கும் தொடர்பே இருக்காது. கெழு சுழியை நோக்கி இழுபடும். இடைவினை உறுப்பு ஆய்வில் உண்டென்றால் நிரப்பும் மாடலிலும் வேண்டும். ஊர் மட்டமும் வேண்டும். வருமானம் போன்று ஒருபக்கம் நீளும் மாறிக்குப் பிரெடிக்டிவ் மீன் மேட்சிங் (கணித்த மதிப்பு நெருங்கியிருக்கும் ஒருவரின் உண்மை மதிப்பை எடுத்து நிரப்புவது) பயன்படுத்துங்கள். எதிர்மறை வருமானம் வராது.

ஒவ்வொரு தொகுப்பிலும் பகுப்பாய்வு செய்து, கெழுக்களின் சராசரியை எடுங்கள். பரவற்படிக்கு இரண்டு பகுதி. தொகுப்புக்குள் பரவற்படியின் சராசரி 0.040, தொகுப்புகளுக்கிடையே 0.010, தொகுப்புகள் 20 என்றால்: 0.040 + (1 + 1/20) × 0.010 = 0.0505. திட்டப்பிழை 0.225. ஒருமுறை மட்டும் நிரப்பியிருந்தால் 0.200 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சராசரியைக் கொண்டு நிரப்பினால் இன்னும் மோசம்: அந்த மாறியின் பரவலே சுருங்கிவிடும்.

மூன்றாவது நிலையைச் சந்தேகித்தால், நிரப்பிய வருமானங்களை 10%, 20%, 30% என்று கூட்டிக்கொண்டே போய் எந்த இடத்தில் முடிவு மாறுகிறது என்று பாருங்கள். 60% கூட்டினால்தான் மாறும் என்றால் நிம்மதி. 10%-இலேயே மாறினால் அதைக் கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

கிணற்று நீரில் உலோக அளவு பல மாதிரிகளில் “கண்டறியும் எல்லைக்குக் கீழே” என்று வந்திருக்கிறது. பாதி எல்லையைப் போட்டு நிரப்பலாமா?

5% மாதிரிகளுக்கு உட்பட்டால் பெரிய சேதம் இல்லை. 30%, 40% என்றால் செய்யக் கூடாது; சராசரியும் பரவலும் நீங்கள் போட்ட எண்ணைப் பொறுத்தே அமையும். அது விடுபட்ட மதிப்பு அல்ல. “இந்த எண்ணுக்குக் கீழே” என்ற உண்மையான தகவல். இடப்பக்கம் வெட்டுண்ட தரவுக்கான டோபிட் மாடலோ, லாக்-நார்மல் பரவலில் அதிகபட்ச லைக்லிஹுட் மதிப்பீடோ அந்தத் தகவலை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆய்வுக்கூடம் நடுவில் கருவியை மாற்றினால் எல்லையும் மாறும். ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் எல்லையைத் தனி நெடுவரிசையில் குறித்துவையுங்கள்.

நிகழ்வு 18 மட்டும். காரணிகள் 9. லாஜிஸ்டிக் ரிக்ரஷன் கெழு 19 என்றும் திட்டப்பிழை 4,000 என்றும் வருகிறது.

ஏதோ ஒரு காரணி நிகழ்வுகளை முழுதாகப் பிரித்துவிட்டது. உதாரணமாக, இறந்த 18 பேரில் ஒருவர்கூடத் தடுப்பூசி போட்டவர் இல்லை. அதிகபட்ச லைக்லிஹுட் முடிவிலியைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது. மென்பொருள் களைத்து நின்ற இடம்தான் அந்த 19. காரணியைத் தூக்கி எறியாதீர்கள், பெரும்பாலும் அதுதான் முக்கியமானது. டேவிட் ஃபிர்த் 1993-இல் தந்த திருத்தத்தோடு மதிப்பிடுங்கள். இடைவெளிக்கு வால்டு முறை வேண்டாம், ப்ரொஃபைல் லைக்லிஹுட் எடுங்கள்.

காரணிக்குப் பத்து நிகழ்வு என்ற விதி கல்லில் செதுக்கியது அல்ல. ஆனால் 18 நிகழ்வை வைத்து ஒன்பது காரணிகளைப் பேசவைக்க முடியாது. தனித்தனியாகச் சோதித்து 0.2-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் சேர்ப்பது, படிப்படியாக நீக்குவது ஆகிய இரண்டும் அதே தரவை இருமுறை பயன்படுத்துகின்றன. கடைசியில் அச்சாகும் பி-மதிப்பு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு மூன்று காரணிகளைத் துறை அறிவை வைத்துத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஆட்ஸ் விகிதம் 2.25. “2.25 மடங்கு ஆபத்து” என்று எழுதலாமா?

விளைவு அரிதாக இருந்தால் மட்டும். ஒரு குழுவில் 60%, மற்றதில் 40% என்றால் ஆட்ஸ் விகிதம் 2.25, ஆபத்து விகிதம் 1.5-தான். குறுக்குவெட்டு ஆய்வுகளில் விளைவு பெரும்பாலும் 10%-ஐத் தாண்டுகிறது. அங்கே பாய்சான் ரிக்ரஷனை ரோபஸ்ட் திட்டப்பிழையோடு போட்டால் நேரடியாக ஆபத்து விகிதமே கிடைக்கும். ரோபஸ்ட் திட்டப்பிழையை மறந்தால் இடைவெளி தேவைக்கு மேல் அகலமாகும்.

வீட்டுக்கு வீடு கொசுப் புழு எண்ணிக்கை. சுழிகள் ஏராளம். ஸீரோ-இன்ஃப்ளேட்டட் மாடல்தானே?

அவசரப்பட வேண்டாம். சராசரி 4, பரவற்படி 22 என்று வையுங்கள். பாய்சான் பரவலில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், இங்கே 5.5 மடங்கு. பாய்சானையே பிடித்துக்கொண்டிருந்தால் திட்டப்பிழை உண்மையைவிட 2.3 மடங்கு சிறிதாகும். பாய்சான்படி சுழி வீடுகள் 1.8% மட்டுமே வரவேண்டும். பரவற்படி கூடுதலாக இருக்க இடம்தரும் நெகட்டிவ் பைனாமியலில், 4-இன் வர்க்கத்தை மிகைப் பரவற்படியான 18-ஆல் வகுத்தால் திரட்சி அளவை 0.89. அதை வைத்துப் பார்த்தால் 22% வீடுகளில் சுழி தானாகவே வரும். உங்கள் தரவிலும் சுழி 20, 25 சதவீதம் என்றால் எந்த இன்ஃப்ளேஷனும் தேவையில்லை.

ஸீரோ-இன்ஃப்ளேட்டட் மாடல், புழு வரவே வாய்ப்பில்லாத வீடு என்று ஒரு வகை இருக்கிறது என்று சொல்கிறது. தண்ணீர் தேங்கும் பாத்திரமே இல்லாத வீடு அப்படி. அந்த வகையை நேரில் காட்ட முடிந்தால் பயன்படுத்துங்கள். சோதித்த பாத்திரங்களின் எண்ணிக்கையை லாக் எடுத்து ஆஃப்செட்டாக (கெழு 1 என்று நிலைத்த மாறியாக) வைக்க மறக்காதீர்கள். மூன்று பாத்திரத்தில் நாலு புழுவும் முப்பதில் நாலும் ஒன்றல்ல.

புயலுக்கு முன்–பின் ஒப்பீட்டில் என்ன தவறு நடக்கிறது?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்து, 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் பிற்பகுதி. புயலுக்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும்தான். புயல் இல்லாவிட்டாலும் டெங்கு அந்த நேரத்தில் மாறும். வார எண்ணிக்கையாகக் குறைந்தது மூன்று, நான்கு ஆண்டுகளை எடுத்து, சைன்–கோசைன் உறுப்புகளால் பருவத்தைப் பிடித்து, புயல் தாக்காத மாவட்டத்தை ஒப்பீட்டுத் தொடராக வைத்து, பிறகு மாற்றத்தைத் தேடுங்கள். எச்சங்களின் தன்-ஒட்டுறவை முதல் எட்டுப் பத்து வாரங்களுக்காவது சோதியுங்கள்.

புயல் அடித்த வாரத்தில் பதிவு குறைந்திருக்கும். சாலை துண்டித்து, மின்சாரம் போய், யாரும் மருத்துவமனைக்கு வரமுடியாத வாரம் அது. அதைக் குறைந்த நோய் என்று மாடல் படிக்கும். அந்த வாரங்களை விடுபட்டவையாகக் குறிப்பது நல்லது.

மழையின் திரும்பும் காலத்தைக் கணக்கிடுகிறவர்கள் ஃபெஞ்சல் போன்ற ஒரு நாளை அவுட்லையர் என்று நீக்கக் கூடாது. அதைப் பற்றித்தானே ஆய்வு! ஆனால் அந்தப் புயல் வந்ததாலேயே ஆய்வைத் தொடங்கி, தரவை அந்த ஆண்டோடு முடித்தால் மதிப்பீடு மேல்நோக்கிச் சாயும். அந்த ஆண்டோடும் அது இல்லாமலும் இரண்டு முறை கணக்கிட்டு இரண்டையும் வெளியிடுங்கள். 40 ஆண்டு உச்ச மழைக்கு உச்ச மதிப்புகளுக்கான ஜி.இ.வி. பரவல் பொருத்தும்போது வடிவ அளவை மிகவும் ஆடும்; இடைவெளி மேல்பக்கம் நீண்டதாக, சமச்சீரற்றதாகத்தான் வரவேண்டும். நூறாண்டுக்கு ஒருமுறை என்ற மழை, முப்பது ஆண்டில் ஒருமுறையாவது வர 26% வாய்ப்பு உண்டு என்பதையும் வாசகருக்குச் சொல்லுங்கள்.

முந்திரி மரங்களின் ஆயுளை இன்று நிற்கும் மரங்களை வைத்து ஆராயலாமா?

கடலூர் மாவட்ட முந்திரித் தோப்புகளைத் தானே புயல் சாய்த்துவிட்டது. அதற்கு முன் நட்டு இன்றும் நிற்பவை, அந்தக் காற்றைத் தாங்கியவை மட்டும். நட்ட நாளிலிருந்து கணக்கைத் தொடங்கினால் அவற்றுக்கு இல்லாத ஆயுளைக் கொடுக்கிறீர்கள். ஆயுளை ஆராயும் காக்ஸ் மாடலில் ஒவ்வொரு மரமும் நீங்கள் அதைப் பார்க்கத் தொடங்கிய வயதில்தான் உள்ளே நுழைய வேண்டும். தாமத நுழைவு என்று இதற்குப் பெயர். ஆறாவது வாரம் சிகிச்சை பெற்ற நோயாளியை முதல் நாளிலிருந்தே சிகிச்சைக் குழுவில் சேர்ப்பதும் இதே தவறு. அந்த ஆறு வாரம் அவர் சாக முடியாது, செத்திருந்தால் மற்றக் குழுவில் இருந்திருப்பார்.

மல்லாட்டை (நிலக்கடலை) வயல் சோதனையில் ஒவ்வொரு பாத்தியிலும் நாலு இடத்தில் அளந்தேன். அது நாலு ரெப்ளிகேஷன்தானே?

இல்லை. ஒரு பாத்தி ஒரு பாத்திதான்; நாலு அளவீடும் அதன் சராசரியைச் செம்மையாக்க மட்டும்.

ஸ்பிளிட்-பிளாட் வடிவமைப்பிலும் இதே குழப்பம். 4 பிளாக், பிளாக்குக்கு 3 நீர்ப்பாய்ச்சல் முறை, ஒவ்வொன்றுக்குள்ளும் 4 ரகம், மொத்தம் 48 சிறு பாத்தி. நீர் பெரிய பாத்திக்குத்தான் பாய்ந்தது. ஆகவே நீரின் விளைவை 6 கட்டின்மைப் படி உள்ள முதன்மைப் பிழையோடு ஒப்பிட வேண்டும். ரகத்தையும் இடைவினையையும் 27 படி உள்ள துணைப் பிழையோடு. இரண்டையும் கலந்து 33 ஆக்கினால், 5% மட்டத்தில் எஃப் தாண்ட வேண்டிய எல்லை 5.14-இலிருந்து 3.28-க்கு இறங்கிவிடும். அதோடு துணைப் பிழை பெரும்பாலும் சிறிதாக இருப்பதால் எஃப் மதிப்பே வீங்கும். மிக்ஸ்டு மாடலில் பிளாக்கையும், பிளாக்குக்குள் பெரிய பாத்தியையும் ரேண்டம் எஃபெக்டாக எழுதினால் மென்பொருளே பிரித்துக்கொள்ளும். இரண்டாவதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

தமிழ் வினாத்தாளின் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை அளக்கும் எண்) 0.83. நம்பகமான அளவுகோல் என்று எழுதலாமா?

கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 இருந்தாலும், 20 கேள்வி சேர்த்தால் ஆல்ஃபா 0.83 வந்துவிடும். கேள்விகளை ஒரே காரணி விளக்குகிறதா என்பதைத் தனியாகக் காரணிப் பகுப்பாய்வில் பாருங்கள். ஐந்து படி விடைகளை எண்ணாக எடுக்காமல் வரிசை மாறியாக எடுத்து, பாலிகோரிக் ஒட்டுறவில் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் சொற்களைப் பாருங்கள். நடுப்படிக்குப் “பரவாயில்லை” என்று போடுகிறார்கள். “உடம்பு பரவாயில்லை” என்றால் தேறிவிட்டது. “சாப்பாடு பரவாயில்லை” என்றால் சுமார். “விடுங்க, பரவாயில்லை” என்றால் பிடிக்கவில்லை, பொறுத்துக்கொள்கிறேன். ஒரே கட்டத்தில் மூன்று விடை விழுகிறது. பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியைக் கேட்டு, “இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்” என்று திரும்பக் கேட்டால் ஒரு நாளில் தெரிந்துவிடும். தரவு சேர்ந்த பிறகு எந்த மாடலாலும் அந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

வேறுபாடு தெளிவாக வரவில்லை. ஆய்வுக்குப் பிந்தைய “பவர்” கணக்கிடச் சொல்கிறார் மதிப்பீட்டாளர்.

பவர் என்பது உண்மையில் இருக்கும் வேறுபாட்டை ஆய்வு பிடிக்கும் வாய்ப்பு. கிடைத்த விளைவை வைத்துக் கணக்கிடும் பவர், பி-மதிப்பையே வேறு உடையில் காட்டுவது. பி சரியாக 0.05 என்றால் அந்தப் பவர் ஏறக்குறைய 50%. பி அதற்கு மேல் என்றால் அதற்கும் கீழ். புதிதாக எதுவும் தெரியாது. பதிலில் நம்பிக்கை இடைவெளியைக் கொடுங்கள்: “வேறுபாடு −2 முதல் +9 சதவீதப் புள்ளி வரை இருக்கலாம், 10-க்கு மேல் இருக்கும் என்பதற்கு இந்தத் தரவில் இடமில்லை.” தொடங்கும் முன் போட்ட மாதிரி அளவுக் கணக்கையும், அதில் எடுத்துக்கொண்ட ஐ.சி.சி.யையும், இப்போது கிடைத்த ஐ.சி.சி.யையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் மதிப்பீட்டாளர் கேட்க நினைத்த கேள்விக்கும் அதுவே விடை.